கஞ்சிக் கொட்டகையில் நான் கத்திய சொல்

தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. மாலை ஐந்து ஐம்பத்தொன்று. அடுப்பு மூன்றும் அணைகின்றன. சொய்ங் என்று ஒரு சத்தம். பிறகு புகை. தேவியின் குழந்தை என் தோளில் கிடக்கிறது. நான்கு மாதப் பெண் குழந்தை. அழவில்லை. கண்ணை விரித்துப் புகையைப் பார்க்கிறது.

இசக்கி கத்துகிறான்.

"தண்ணி வருதுல! கோயில் படியில ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!"

தட்டுகள் மிதக்கின்றன. கஞ்சிக் குண்டான் ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு சுற்றுச் சுற்றுகிறது. முன்வாசல் வழியாக வெளியே போகிறது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து படியேறுகிறார்கள். தண்ணீர் இடுப்புக்கு வருகிறது. நான் நகரவில்லை. பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வாசல் வழியாகத்தான் மூன்று பெண்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். அவர்களைத் திருப்பிக் கூட்டிவர ஸ்டெல்லா அக்கா ஓடினாள். நான்கு பேரும் இன்னும் வரவில்லை.

அந்த மூன்று பேரை அனுப்பியது நான். விசாரிக்க வந்தவர்களிடம் இதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் ஊர் வன்னியில். தொண்ணூற்றெட்டில் படகேறினேன். மண்டபம் முகாமில் எட்டு மாதம் இருந்தேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் வெளியேறினேன். அது குற்றம். தெரிந்துதான் செய்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒரகடம் பக்கம் வந்தேன். ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. தங்க அறைதான் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் நடந்த ஒரு கொலைக்குப் பிறகு எங்கள் பேச்சைக் கேட்டால் இங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். யார் சரி, யார் தப்பு என்று நான் வாதாட வரவில்லை. எனக்குக் கூரை வேண்டும். அதனால் நாக்கை மாற்றிக்கொண்டேன். நாகர்கோவில் பக்கம் என்று சொன்னேன். 'ஓம்' வாய்வரை வரும். விழுங்குவேன். 'கதைக்காதே' வரும். விழுங்குவேன். ஏழு வருடம் இப்படி விழுங்கினேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஸ்டெல்லா அக்காவைத் தவிர. அவள் கோயில் தெருக்காரி. அவள் வீட்டின் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். வந்த ஆறாம் மாதம் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பி நிற்கிறேன். "மலரு, ரெடியாடி?" என்று முன்னறையிலிருந்து கேட்டாள். தூக்கக் கலக்கம். வாய் தவறிவிட்டது.

"ஓம் அக்கா, நான் வெளிக்கிட்டிட்டன்" என்றேன்.

வெளிக்கிடுவது என்றால் எங்களுக்குக் கிளம்புவது. அவ்வளவுதான். இங்கே வெளிக்கு என்றால் வேறு, ஒதுங்கப் போவது. அக்கா முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்ய! அத ஏன்டி காலங்காத்தால என்னாண்ட வந்து சொல்ற? தண்ணி கிண்ணி ஊத்திட்டு வந்தியா?"

எனக்கு உயிர் போய்விட்டது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நீ நாவர்கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அப்பவே டவுட்டு. போ, வேலைக்கு நேரமாவுது. நான் யாராண்டையும் சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

இனி அந்த மழை. ஐப்பசியில் பிடித்தது. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. கம்பெனிகளில் லைன் நின்றது. கான்ட்ராக்ட் பையன்களை, மழை விட்டதும் வாங்கப்பா என்று சூப்பர்வைசர்கள் அனுப்பிவிட்டார்கள். ஓ.டி. செய்து ஊருக்குப் பணம் அனுப்பிய பிள்ளைகள். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்தவர்கள். ஊருக்குப் போக பஸ் இல்லை. ஒரு அறைக்கு எட்டுப் பேர், அறைக்குள் முழங்கால் தண்ணீர். மெஸ்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஏரிக்குக் கீழே இருந்த குடிசைகள் இரண்டே நாளில் கரைந்தன. எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்?

கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் இடம். அக்கா அதைத் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி வாங்கினாள். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, இன்னொரு வீட்டில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சோறு வேகாது. ஒன்று குழையும், ஒன்று கல்லாய் நிற்கும். அதனால் கஞ்சி. எல்லாம் கரையும்வரை கொதிக்கவிட்டால் யார் வீட்டு அரிசி என்று தெரியாது. கஞ்சித் தொட்டி திறந்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தபோது அக்காவுக்குக் கோபம் வந்தது. "இன்னாது தொட்டியா? மாடா கீது இங்க?" என்று சண்டைக்கே போனாள்.

அவளும் நானும் அடுப்படி. விறகு, தண்ணீர், தூக்குவது எல்லாம் இசக்கி. திசையன்விளைப் பிள்ளை. உதிரிபாகக் கம்பெனியில் வெல்டர். அவனோடு அவன் அறைப் பையன்கள் மூவர். ஒருவரும் எங்களுக்குச் சம்பளம் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. பசித்தவன் கையில் தட்டைக் கொடுத்தபோது அவன் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. படகை விட்டு இறங்கிய அன்று நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. கழிப்பறை. கோயில் கழிப்பறை ஒன்றே ஒன்று. மழையில் அதுவும் நிரம்பி வெளியே வந்துவிட்டது. ஆண்கள் எங்கேயோ போனார்கள், வந்தார்கள். பெண்கள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடவே பயந்தார்கள். கன்னியம்மா என்று ஒருத்தி. குடிசை கரைந்து வந்தவள், தேவியின் அம்மா. கஞ்சித் தட்டைத் திருப்பி நீட்டினாள்.

"வாணாம் மலரு. துன்னா அப்பறம் எங்க போறது?"

கூப்பிடு தூரத்தில் ஏரிக்கரை. சுற்றிலும் அது ஒன்றுதான் மேடு. கரையில் பனைமரங்கள், அதன் கீழே சீமைக்கருவேலப் புதர். அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஆண்களைக் கஞ்சிக்கு உட்காரவைத்துவிட வேண்டும். நான் முதலில் கரைக்குப் போய், அங்கே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து, "பொம்பளைங்க எல்லாம் வாங்க" என்று ஒரு குரல். எதற்கு என்று சொல்லக் கூடாது. அந்தக் குரல் கேட்டதும் ஆண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இதை இசக்கிதான் பழக்கினான். பெண்கள் தண்ணீர் மக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார்கள். மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்று நாளும் ஐந்தே முக்காலுக்கு நான்தான் கூப்பிட்டேன். கன்னியம்மா மூன்றாம் நாள் இரண்டு தட்டுக் குடித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

நான்காம் நாள். ஞாயிறு.

ஐந்து முப்பத்தெட்டு. நான் பின்வாசல் அடுப்பில் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிறேன். இன்னும் கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு சத்தம். தொம். காதுக்கு முன்னால் பாதத்துக்கு வந்தது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது.

எனக்குத் தெரிந்த சத்தம். ஷெல் குத்தும்போது, அதாவது தூரத்திலிருந்து ஏவும்போது, அப்படித்தான். குத்தும் சத்தம் தூரத்தில் கேட்கும். பிறகு எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று. விழுவதற்குள் பங்கருக்குள் போய்விட வேண்டும். இங்கே ஷெல் இல்லை. தெரியும். ஏரி என்றும் தெரியும். ஆனாலும் எண்ணத் தொடங்கிவிட்டேன். நாற்பது எண்ணுவதற்குள் இரண்டாவது தொம். கரையிலிருந்து மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

வன்னியில் ஒரு நாள். மத்தியானம் பன்னிரண்டேகால். சோறு கொதிக்கிறது. தூரத்தில் குத்தும் சத்தம் கேட்டது. நான் வெளிக்கிடுவோம் என்றேன். தங்கச்சி, சோறு வடித்துவிட்டுப் போவோம் என்றாள். இரண்டு நாள் பட்டினி. நானும் சரி என்றேன். முதலாவது கிணற்றடியில் விழுந்தது. இரண்டாவது அடுப்படியில். அவளுக்குப் பத்தொன்பது வயது. சத்தம் கேட்டால் பானையைப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்குள் எழுதிவிட்டேன். போக வேண்டும். எல்லோரையும் போகவைக்க வேண்டும்.

ஐந்து நாற்பது. துடுப்பை எறிந்தேன். கொட்டகைக்குள் ஓடினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வெளிக்கிடுங்கோ! பொம்பிளையள் எல்லாரும் வெளிக்கிடுங்கோ! கெதியா!"

ஏழு வருடம் விழுங்கிய நாக்கு அந்த ஒரு நிமிடத்தில் என்னை ஏமாற்றிவிட்டது. ஓடுங்க என்று ஒரு சொல். இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அது வரவில்லை. பிள்ளைகளைத் தூக்குங்கோ என்றும் கத்தினேன். தகரத்தில் மழை. அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது 'பொம்பிளையள்'. கேட்டது 'வெளிக்கி'.

பையன்கள் வரிசையில் ஒருவன் சிரித்தான்.

"இன்னாக்கா, கஞ்சி துன்ற எடத்துல கத்தி சொல்ற?"

இசக்கி அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான். "திரும்புல. எல்லாரும் திரும்புங்க" என்றான். ஆண்கள் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மரியாதை. பாருங்கள், மரியாதைக்காக நாற்பது ஆண்கள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பெண்களில் மூன்று பேர் எழுந்தார்கள். கன்னியம்மா. அவள் மகள் தேவி. பக்கத்துக் குடிசை பாப்பாத்தி. மற்றவர்கள் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். தேவி குழந்தையை என் கையில் கொடுத்தாள். "பாத்துக்கோக்கா, தோ வந்துட்றேன்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது? நிம்மதி. மூன்று பேராவது சொன்ன சொல் கேட்கிறார்களே என்று நிம்மதி. ஐயோ, அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மற்றவர்களை எழுப்பத் திரும்பினேன். ஒரு கிழவியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறினாள். "எனக்கு வரலம்மா, வுடு" என்றாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அப்புறம் பின்வாசலைப் பார்த்தேன். பாப்பாத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்குகிறாள். கையில் பச்சை மக்கு. உயிர் தப்பப் போகிறவள் கையில் மக்கு எதற்கு?

அப்போது புரிந்தது. குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. எந்தத் தமிழில் கத்துவது? இரண்டும் வரவில்லை.

ஸ்டெல்லா அக்கா பின்வாசல் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். என் கத்தல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். போகிற மூவரையும் பார்த்தாள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்தவள் அவள் ஒருத்தி. தட்டுகளைப் போட்டாள். ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது. ஒரு முழங்காலில் வலி. ஓடிக்கொண்டே கத்தினாள்.

"ஏய் கன்னியம்மா! போவாதடி! அது அதுக்கு இல்லடி! திரும்பி வா! ஓடியா!"

ஐந்து நாற்பத்து மூன்று. நான் அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். குழந்தை கையில் இருந்தது என்று சொல்லலாம். குழந்தையை இசக்கியிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. பயம். அதுதான் உண்மை.

ஐந்து நாற்பத்தேழு. மூன்றாவது சத்தம். இது தொம் இல்லை. லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது மாதிரி. நிற்காமல் கொட்டியது. பனைமரம் ஒன்று நின்றபடியே நகர்ந்தது. பிறகு படுத்தது. கரை இருந்த இடத்தில் கரை இல்லை.

பிறகு நடந்ததை முதலில் எழுதிவிட்டேன். தண்ணீர் கொட்டகைக்குள் இடுப்புவரை வந்தது. நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. இசக்கியும் அவன் பையன்களும் ஒவ்வொருவராகக் கோயில் படிக்கு ஏற்றினார்கள். கிழவியைத் தோளில் தூக்கிப் போனார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள். "எக்கா, வாங்க, புள்ள நனையுதுல்லா" என்று இசக்கி அழுதான். கொட்டகையில் ஒரு உயிருக்கும் சேதம் இல்லை. கொட்டகைக்கே சேதம் இல்லை. நான்கு தகரம் போயிற்று. அவ்வளவுதான்.

தேவி கிடைத்தாள். ஏழு பத்துக்கு. கருவேலப் புதருக்குள். இசக்கி கயிற்றைக் கட்டிக்கொண்டு போய் எடுத்தான். உடம்பெல்லாம் முள். ஸ்டெல்லா அக்கா தலைமுடியைப் பிடித்து இழுத்து முள்ளுக்குள் தள்ளியதாகத் தேவி சொன்னாள். "வுடாத, முள்ள வுடாத" என்று கத்தினாளாம். பிறகு அக்காவைக் காணவில்லையாம். மறுநாள் காலை கன்னியம்மா ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரோரம். அதற்கு மறுநாள் ஸ்டெல்லா அக்கா, சாலை வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில். பாப்பாத்தி மூன்றாம் நாள். அவளை அவள் புருஷன் கால் மெட்டியை வைத்துத்தான் அடையாளம் சொன்னான்.

விசாரிக்க வந்தார்கள். பெண்கள் ஏன் கரைக்குப் போனார்கள் என்று கேட்டார்கள். "வெளிக்குப் போனாங்க சார்" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இயற்கை உபாதைக்காகத் தாமாகவே சென்றனர் என்று எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். தாமாகவே. நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். முகாமை விட்டு ஓடி வந்தவள். என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அக்கா இல்லாத ஊரில் எனக்காகப் பேச ஆள் இல்லை. நின்றேன். கேட்டேன். கையெழுத்துக் கேட்டபோது போட்டேன்.

கஞ்சி நிற்கவில்லை. மறுநாளே இசக்கி அடுப்பு மூட்டினான். வேறு வீட்டுக் குண்டான். நான் கிண்டினேன். பதினோரு நாள் கிண்டினேன். ஒன்பதாம் நாள் தேவி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். கையிலும் முகத்திலும் முள் கிழித்த பொருக்கு. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு நீ இன்னா சொல்லிக் கூப்ட்ட?"

சண்டைக் குரல் இல்லை. சும்மா கேட்டாள். தெரியாததால் கேட்டாள்.

"எப்பவும் போலதான் தேவி. பொம்பளைங்க எல்லாம் வாங்கன்னு" என்றேன்.

அழகான இந்த ஊர்த் தமிழ். ஒரு எழுத்துப் பிசகவில்லை. தேவி தலையாட்டினாள். "அப்ப அம்மாவுக்கு விதிதான்" என்றாள். தட்டை நீட்டினாள். நான் கஞ்சி ஊற்றினேன். ஷெல்லிலும் படகிலும் சாகாத நான் அந்த இடத்தில் செத்துவிட்டேன்.

தேவி, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், கேள். அது விதி இல்லை. உன் அம்மா தானாகவே போகவில்லை. நான் கூப்பிட்டேன். உங்களைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டேன். என் ஊர்ப் பேச்சில் கூப்பிட்டேன். நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டீர்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் சரியாகக் கேட்டாள். நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கஞ்சிக் குண்டான் இரண்டு. எவர்சில்வர் தட்டு முப்பத்தொன்று. பிடியரிசி முக்கால் மூட்டை, கோயில் தெருவின் எல்லா வீட்டு அரிசியும் அதில் இருந்தது. தகரம் நான்கு. பனைமரம் ஏழு. ஏரிக்கரையில் நாற்பது அடி.

கன்னியம்மா, நாற்பத்தாறு வயது.

பாப்பாத்தி, முப்பத்தொன்று. இரண்டு பிள்ளைகள்.

ஸ்டெல்லா அக்கா.

அன்று மாலைக் கஞ்சிக்குத் தலை எண்ணியது நான்தான். அறுபத்தைந்து பேர் பிழைத்தோம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அறுபத்தெட்டு.